செட்டாப் பாக்ஸ் ஹாலில், அப்பா படுக்கையறையில்

அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆன பிறகு, அவருடைய படுக்கையறையில் ஒரு டிவி மாட்டினோம். செட்டாப் பாக்ஸ் மட்டும் ஹாலில் ஷோகேஸுக்குள்ளேயே இருந்தது. புதிதாக இன்னொரு இணைப்பு வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் வருடக்கணக்கில் பதிவு செய்து வைத்த மார்கழிக் கச்சேரிகள் எல்லாம் அந்தப் பழைய பாக்ஸின் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அதை விட அவருக்கு மனசில்லை. எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒன்று போட்டு, படத்தையும் சத்தத்தையும் அறைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

படம் வந்துவிட்டது, சேனல் மாற்றத்தான் வழியில்லை. பகலில் அம்மா சமையலறையிலிருந்து வந்து மாற்றிக் கொடுப்பார். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அப்பா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ரிமோட்டோடு ஹாலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். "உங்களையெல்லாம் எழுப்ப வேண்டாம்னுதான்ப்பா" என்றார். அறையில் இருந்தபடியே ரிமோட் எடுபடச் செய்யும் இந்த வேலையை மறுநாளே ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் ஒரே ஒரு தப்பான எண்ணத்தால் வீணானது. இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு அந்த இரண்டு வாரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ரிமோட்டின் முன்முனையில் இருக்கும் சின்ன எல்இடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம். அந்த ஒளி சும்மா எரிவதில்லை, நொடிக்கு சுமார் 38,000 தடவை அணைந்து அணைந்து எரிகிறது. பாக்ஸுக்குள் இருக்கும் சென்சார் அந்த வேகத்தில் மினுக்கும் ஒளிக்கு மட்டும்தான் காது கொடுக்கும். டியூப் லைட், குண்டு பல்பு வெளிச்சத்தை எல்லாம் ஒதுக்கிவிடும். ஒளி என்பதால் சுவரைத் தாண்டாது, மரக்கதவையும் தாண்டாது. ஆகவே அறையில் ஒரு சென்சார் வைத்து ரிமோட்டின் பேச்சைப் பிடிக்க வேண்டும். அதை வயர் வழியாக ஹாலுக்கு அனுப்பி, அங்கே ஒரு ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடியை பாக்ஸின் முகத்தில் ஒட்டி, அதே பேச்சைத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். ஒட்டுகிற அந்த எல்இடியைத்தான் எமிட்டர் என்கிறோம்.

கடைகளில் இதற்கென்று ரெடிமேட் செட் கிடைக்கிறது. முதலில் ஒன்றை வாங்கிப் போட்டேன். அதோடு வந்த சென்சார் வயர் எங்கள் வீட்டு நீளத்துக்குப் போதவில்லை. பாதியில் வெட்டி நீட்டியும் சரிப்படவில்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று சென்னையில் எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன்.

அங்கே இரண்டு விஷயத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். ஐஆர் எல்இடி என்று கேட்டால் 850 நானோமீட்டர் எல்இடியையும் எடுத்துக் கொடுப்பார்கள். அது சிசிடிவி கேமராவுக்கு ஆனது. கரண்ட் கொடுத்து இருட்டில் பார்த்தால் லேசான சிவப்புக் கனல் தெரியும். 940 எல்இடியில் வெறும் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. ரிமோட் சென்சார்கள் 940, 950 பக்கம்தான் நன்றாகப் பிடிக்கும். இரண்டாவது, சென்சாரின் கால்கள். பழைய டிஎஸ்ஓபி 1738-ஐ முகம் நம்மைப் பார்க்க வைத்தால், இடமிருந்து வலமாகக் கிரவுண்டு, ப்ளஸ், அவுட்புட். டிஎஸ்ஓபி 38238-இல் அவுட்புட், கிரவுண்டு, ப்ளஸ். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பழைய படத்தை வைத்துப் புதிய சென்சாரை இணைத்து ஒன்றைப் பாழாக்கினேன். அதிலிருந்து, கையில் இருக்கும் பாகத்தின் எண்ணைப் போட்டு அதன் டேட்டா ஷீட்டைத் திறக்காமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதில்லை.

சர்க்யூட் எளிமையானது. சென்சார் அந்த 38 கிலோஹெர்ட்ஸ் மினுக்கலை வடிகட்டிவிட்டு, உள்ளே இருக்கும் செய்தியை மட்டும் மெதுவான துடிப்புகளாக வெளியே கொடுக்கும். ஹாலில் 555 என்ற டைமர் ஐசி ஒன்று அந்த மினுக்கலைத் திரும்ப உண்டாக்கும். நான் போட்டது 1 நானோஃபேரட் கெப்பாசிட்டர், 1.8 கே ரெசிஸ்டர், 18 கே ரெசிஸ்டர். கணக்குப்படி 38.1 கிலோஹெர்ட்ஸ். சென்சார் சிக்னல் வரும்போது அதன் அவுட்புட் கீழே இறங்கும் ரகம் என்பதால், ஒரு டிரான்சிஸ்டரால் தலைகீழாக்கி 555-இன் நான்காவது காலில், அதாவது ரீசெட்டில் கொடுக்க வேண்டும். 555-இன் அவுட்புட் இன்னொரு டிரான்சிஸ்டர் வழியாக எமிட்டரை ஓட்டும். பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்டே போதும்.

555-ஐ எங்கே வைப்பது என்று யோசித்துத்தான் ஹாலில், பாக்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அறைக்கும் ஹாலுக்கும் நடுவே 14 மீட்டர் வயர் ஓடுகிறது. அந்தத் தூரத்தை மெதுவான துடிப்பு கடக்கட்டும், வேகமான மினுக்கல் கடைசி ஒரு மீட்டரில் மட்டும் இருக்கட்டும். வயர் நீளம் என்பதால் சென்சார் பக்கத்தில் ப்ளஸுக்கு 100 ஓம் ரெசிஸ்டரும் 4.7 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் போட்டேன். ஹால் பக்கத்தில் சிக்னல் வயரிலிருந்து ப்ளஸுக்கு 10 கே. இவை இல்லாமலும் வேலை செய்யும், ஆனால் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கிற நொடியில் எமிட்டர் தானாக மினுக்கும்.

வயருக்கு, நெட்வொர்க்குக்குப் போடும் கேட் 6 கேபிளே எடுத்தேன். ஆரஞ்சில் 5 வோல்ட், நீலத்தில் சிக்னல், அவற்றோடு முறுக்கியிருக்கும் வெள்ளைக்கோடு வயர்கள் இரண்டிலும் கிரவுண்டு. மிச்சம் இரண்டு ஜோடி சும்மா இருக்கட்டும் என்று விட்டேன். அது பின்னால் உதவியது.

இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் நல்ல வேலைக்காரர். கேபிள் டிவிக்குப் போட்டிருந்த பழைய பைப்பில் ஸ்பிரிங் விட்டுப் பார்த்தார். ஒரு வளைவில் சிக்கிக்கொண்டது. "தம்பி, பக்கத்துல பவர் பைப்பு காலியாத்தான் இருக்கு, அதுலயே விட்டுடலாம். அஞ்சு வோல்ட்டுதானே?" என்றார். கொஞ்சம் பிடிவாதமாகவே வேண்டாம் என்றேன். அஞ்சு வோல்ட் என்பதால்தான் வேண்டாம். 230 வோல்ட் ஓடும் வயரின் தோல் என்றைக்காவது உள்ளே உரசிப் போனால், அந்தக் கரண்ட் இந்த மெல்லிய வயர் வழியாக அப்பாவின் கட்டில் தலைமாட்டுக்கு வந்து நிற்கும். சென்சாரில் எர்த்தும் கிடையாது, ஃபியூசும் கிடையாது. விளக்கியதும் அவர் உடனே ஒத்துக்கொண்டார். வளைவு இருந்த இடத்தில் ஒரு அடிக்குக் காடி வெட்டி, பைப்பைத் திறந்து கேபிளை வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் கூலி கூட ஆனது. இந்த முழு வேலையிலும் யோசிக்காமல் கொடுத்த காசு அதுதான்.

அன்று சாயங்காலம் இணைத்துப் பார்த்தோம். எமிட்டருக்கு 47 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தேன். ஐஆர் எல்இடி 1.3 வோல்ட் எடுக்கும், டிரான்சிஸ்டர் 0.2, மிச்சம் மூன்றரை வோல்ட், அப்படியானால் சுமார் 74 மில்லிஆம்ப். அப்பா கட்டிலில் இருந்தபடியே பட்டனை அழுத்தினார். சேனல் மாறியது. இன்னொரு தடவை அழுத்தினார், மாறியது. மூன்றாவது தடவை மாறவில்லை. பத்து தடவை அழுத்தினால் ஏழு தடவைதான் கேட்டது.

நான் தப்பு செய்தது இங்கேதான். கேட்கவில்லை என்றால் ஒளி போதவில்லை என்று நினைத்தேன். யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். அதோடு, அதே ஷோகேஸில் இருக்கும் ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு எமிட்டர் வேண்டியிருந்தது. இரண்டாவது எல்இடியை முதல் எல்இடியோடு பேரலலாக (ப்ளஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்), அதே ஒரு ரெசிஸ்டரில் சேர்த்தேன். போனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் ஒன்று பளிச்சென்று ஊதா நிறத்தில் எரிந்தது, மற்றது மங்கலாக. (பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கும், அதில் தெரியவில்லை என்று எல்இடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.) இரண்டு எல்இடியும் ஒரே மாதிரி இருந்தாலும் அவை எடுக்கும் வோல்ட்டேஜில் நூலிழை வித்தியாசம் இருக்கும். குறைவாக எடுப்பது கரண்ட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பேரலலாகப் போட வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போட வேண்டும்.

அதனால் சீரிஸுக்கு மாற்றினேன். ஒன்றின் மைனஸ் அடுத்ததன் ப்ளஸில். இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடும் என்பதால் வெளிச்சம் சமமாக இருக்கும். 5 வோல்ட்டில் இப்படி இரண்டு எல்இடி தாராளமாக ஓடும், மூன்று வரைக்கும் இழுக்கலாம். ஒன்று தலைகீழாக மாட்டியிருந்தால் எல்லாமே அணைந்துவிடும். அப்படி ஆனால் பதற வேண்டாம், எல்இடியின் நீளமான கால் ப்ளஸ் பக்கம் இருக்கிறதா, விளிம்பில் தட்டையாக வெட்டிய பக்கம் மைனஸில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு எல்இடி ஆனதால் கரண்ட் குறையும் என்று ரெசிஸ்டரை 22 ஓமாக்கினேன். இப்போது 100 மில்லிஆம்ப். எமிட்டரை ஓட்டும் பிசி 547 டிரான்சிஸ்டர் விரல் வைக்க முடியாமல் சுட்டது. அதன் உச்சமே 100 தான். பிசி 337 போட்டேன், சூடு தணிந்தது. ஆனால் செட்டாப் பாக்ஸ் இன்னும் மோசமானது. பத்துக்கு மூன்றுதான் கேட்டது. அப்பா எதுவும் சொல்லவில்லை, பட்டனைப் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதே கரண்ட், அதே வயர், அதே கடையில் வாங்கிய எல்இடி. ஒருநாள் ஷோகேஸ் கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் ஒட்டியிருந்த டபுள் சைடு டேப் சூட்டில் இளகி, எமிட்டர் இரண்டு விரற்கடை கீழே வழுக்கி, பக்கவாட்டில் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. சென்சாருக்கு நேராகவே இல்லை. அதுதான் நன்றாக வேலை செய்கிறது. சென்சார் மேலேயே கச்சிதமாக உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸ் எமிட்டர்தான் திணறுகிறது. அந்த நிமிஷம்தான் புரிந்தது, ஒளி போதாமல் இல்லை, அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது.

ஊகம் சரிதானா என்று பார்க்க ஆர்டுயினோ என்ற சின்ன புரோகிராம் போர்டு ஒன்றில் இன்னொரு சென்சாரை மாட்டி, துடிப்புகளின் நீளத்தை அளந்தேன். எங்கள் பாக்ஸின் ரிமோட் என்இசி என்ற சங்கேத முறையில் பேசுகிறது. முதலில் 9 மில்லிசெகண்ட் நீளத்துக்கு ஒரு ஒளி, பிறகு 4.5 மில்லிசெகண்ட் இடைவெளி, அதன்பின் 32 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டிலும் ஒளி 560 மைக்ரோசெகண்ட்தான். அதற்குப் பின்வரும் இடைவெளி குட்டையா நெட்டையா என்பதை வைத்துத்தான் பூஜ்யமா ஒன்றா என்று பாக்ஸ் தெரிந்துகொள்கிறது. ரிமோட்டை நேராகக் காட்டினால் 600 பக்கம் அளவு வந்தது. 100 மில்லிஆம்ப் எமிட்டரைச் சென்சாரோடு ஒட்டி வைத்து அளந்தால் 750, சில சமயம் அதற்கும் மேல். ஒளி ரொம்பப் பலமாக விழுந்தால் சென்சார் அணையத் தாமதிக்கிறது, துடிப்பு நீண்டுவிடுகிறது. துடிப்பு நீண்ட அளவுக்கு இடைவெளி சுருங்குகிறது. நம்முடைய ஏற்பாட்டில் இது இரண்டு தடவை நடக்கிறது, அறையில் இருக்கும் சென்சார் கொஞ்சம் நீட்டுகிறது, பாக்ஸின் சென்சார் அதன்மேல் இன்னும் கொஞ்சம் நீட்டுகிறது.

பாக்ஸ் ஏன் தப்பான சேனலுக்குப் போகாமல் பேசாமல் இருந்துவிட்டது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. என்இசி முறையில் கட்டளையை ஒரு தடவை அனுப்பி, உடனே அதையே தலைகீழாக்கி இன்னொரு தடவை அனுப்புவார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பாக்ஸ் அதைத் தள்ளிவிடும். ஆகவே "சில சமயம் கேட்கிறது, சில சமயம் கேட்கவில்லை" என்ற அறிகுறி வந்தால் பலவீனம் என்று முடிவு கட்டாதீர்கள். எமிட்டரைப் பாக்ஸிலிருந்து ஒரு அங்குலம் விலக்கிப் பாருங்கள். விலக்கினால் நன்றாகக் கேட்கிறது என்றால் கரண்ட்டைக் குறைக்க வேண்டும்.

22 ஓமை எடுத்துவிட்டு 220 ஓம் போட்டேன். 10 மில்லிஆம்ப், முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. பத்துக்குப் பத்தும் கேட்டது. நூறு தடவை அழுத்திப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. அப்பாவுக்கு நூறையும் எண்ணப் பொறுமை இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்.

எமிட்டரை ஒட்டும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பாக்ஸின் கறுப்பு முகப்பில் சென்சார் எங்கே என்று வெளியிலிருந்து தெரியாது. டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்தால் உள்ளே ஒரு சின்ன வட்டக் குமிழ் தெரியும். தெரியவில்லை என்றால், ஒரு தடித்த அட்டையில் பென்சில் போகும் அளவுக்கு ஓட்டை போட்டு, முகப்பை முழுக்க அட்டையால் மூடி, ரிமோட்டை ஓட்டையில் முட்ட வைத்து அழுத்திக்கொண்டே அட்டையை மெல்ல நகர்த்துங்கள். பாக்ஸ் கேட்கும் இடம்தான் சென்சார். பென்சிலால் குறி வைத்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் துடைத்துக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஆம்ப்ளிஃபயர் மாதிரி சூடாகும் பெட்டியில் சாதாரண டேப் நிற்காது என்பதை நான் பார்த்துவிட்டேன். அங்கே வயரையும் ஒரு கிளிப்பால் பிடித்து வைத்தேன், எடை டேப்பில் தொங்காது.

எல்லாம் சரியான பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அறையில் ரிமோட் எடுபடாது, ஐந்தரைக்குத் தானாகச் சரியாகிவிடும். அப்பாவின் அறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. வெயில் சாய்ந்து நேராகச் சென்சார் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். உள்ளங்கையால் நிழல் கொடுத்தால் உடனே வேலை செய்தது. ஒளியால் டிவியை இயக்க முயன்ற எல்லோரும் பட்ட பாடுதான் இது. 1955-இல் ஜெனித் கம்பெனிக்காக யூஜின் பாலி செய்த ஃபிளாஷ்மேட்டிக், டார்ச் மாதிரி வெளிச்சம் அடித்து டிவியை மாற்றும் கருவி. வெயில் பட்டால் அந்த டிவி தானாகவே மாறிவிடும். அதனால்தான் அடுத்த வருடமே ராபர்ட் ஆட்லர் ஒலியில் வேலை செய்யும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்சாரை டிவியின் கீழ்விளிம்புக்கு, ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி மாற்றி, வயருக்கு மாட்டும் கறுப்பு ஸ்லீவ் ஒரு துண்டைக் குல்லாய் மாதிரி மாட்டினேன். அதோடு தீர்ந்தது.

கடைசியாக அம்மாவுக்காக ஹாலிலும் ஒரு சென்சார் வைத்தேன், ஷோகேஸ் கதவை ஒவ்வொரு தடவையும் திறக்க வேண்டாமே என்று. இரண்டு சென்சாரின் அவுட்புட்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம், ஒன்றை ஒன்று கெடுக்காது. கதவு மூடியிருக்கும்வரை பிரமாதமாக இருந்தது. தூசி தட்டக் கதவைத் திறந்ததும் எல்லாம் உறைந்துபோனது, எந்தப் பட்டனும் எடுபடவில்லை. கேமராவில் பார்த்தால் எமிட்டர் விடாமல் எரிகிறது. எமிட்டரின் ஒளி பளபளப்பான கதவில் பட்டுத் திரும்பி ஹால் சென்சாரில் விழ, சென்சார் அதையே புதுச் செய்தி என்று திரும்ப எமிட்டருக்கு அனுப்ப, சுற்றிச் சுற்றி அதுவே ஓடிக்கொண்டிருந்தது. 10 மில்லிஆம்ப் ஒளியே இதற்குப் போதும். எமிட்டர்களின் முதுகையும் பக்கங்களையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடி, பாக்ஸைப் பார்க்கும் முகத்தை மட்டும் திறந்து வைத்தேன். ஹால் சென்சாரைக் கதவுச் சட்டத்தின் வெளிப்பக்கத்துக்கு நகர்த்தினேன். இப்போது கதவு திறந்திருந்தாலும் உறைவதில்லை.

பிளக் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சென்சாருக்கு மூன்று வயர் என்பதால் ஸ்டீரியோ பிளக், எமிட்டருக்கு இரண்டு வயர் என்பதால் மோனோ பிளக். இரண்டும் 3.5 மில்லிமீட்டர், ஒன்றின் ஓட்டையில் மற்றது தாராளமாகப் போகும். மோனோ பிளக்கைச் சென்சார் ஓட்டையில் சொருகினால் நடு வளையமும் கிரவுண்டும் ஷார்ட் ஆகிவிடும். நடு வளையத்தில் 5 வோல்ட் இருந்தால் சார்ஜர் படுத்துவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். நான் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷால் குறி வைத்திருக்கிறேன், சென்சாருக்குச் சிவப்பு, எமிட்டருக்கு வெள்ளை.

மீதி இருந்த இரண்டு ஜோடி வயரில் ஒன்றை, அம்மாவை அழைக்கும் ஒரு பஸ்ஸருக்குக் கொடுத்துவிட்டேன். கட்டில் ஓரத்தில் ஒரு பட்டன், சமையலறை வாசலில் சத்தம். எந்த நிற வயர் எதற்கு, எந்த ரெசிஸ்டர் எத்தனை ஓம், சென்சாரின் எண் என்ன என்பதை ஒரு அட்டையில் தமிழில் எழுதி, ஷோகேஸ் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சால்டர் செய்து தயாராக வைத்த உபரி எமிட்டர் ஒன்றும் அந்த அட்டையோடு ஒரு கவரில் தொங்குகிறது. நான் ஊரில் இல்லாதபோது பழுதானால் எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைப் பார்த்தே மாற்றிவிடுவார், அவரிடம் காட்டியும் கொடுத்திருக்கிறேன்.